அட்வான்ஸுக்கு முந்தைய மாதம்

முதலீடாக முதல் மனையோ முதல் ஃபிளாட்டோ வாங்கக் கிளம்பியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். உங்களில் சிலர் என் கடை பெஞ்சில் உட்கார்ந்தும் இருப்பீர்கள். ஓ.எம்.ஆரில் ஏதாவது ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை, முப்பதை ஒட்டிய வயது, லேப்டாப் பைக்குள் ஒரு ஜெராக்ஸ் கட்டு. "அண்ணே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கட்டை நீட்டுவீர்கள். "அட்வான்ஸ் கொடுத்தாச்சா?" என்று கேட்பேன். கொடுத்தாச்சு என்பீர்கள். அதற்கு மேல் நான் பார்த்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? குறை இருந்தால் உங்களுக்குத் தூக்கம் போகும், இல்லாவிட்டால் எனக்கு ஒரு டீ கிடைக்கும்.

அட்வான்ஸ் கைமாறும் வரை விற்கிறவர் உங்கள் பின்னால் வருவார். கைமாறிய பிறகு நீங்கள் அவர் பின்னால் போக வேண்டும். எந்த ஏரியா ஏறும், எது இறங்கும் என்று சொல்ல யூடியூப் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதில் நான் தலையிடவில்லை. அந்த அட்வான்ஸுக்கு முன்னால் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட்டைச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் வேன் ஏற்றுவார்கள். போகிற வழியிலேயே வரப்போகும் மெட்ரோ, வரப்போகும் விமான நிலையம், வரப்போகும் கல்லூரி எல்லாம் ஜன்னலுக்கு வெளியே காட்டப்படும். சைட்டில் ஆர்ச், வண்ணக் கொடி, புதிதாக ஜல்லி பரப்பிய சாலை, வெள்ளையடித்த கல்லில் சிவப்பு எண். ஷாமியானாவுக்குக் கீழே பிரியாணி. மைக்கில் "நாற்பத்திரண்டாம் நம்பர் புக் ஆயிடுச்சு" என்று அறிவிப்பு வரும், கைதட்டு கேட்கும். தட்டுகிறவர்களில் எத்தனை பேர் கம்பெனி ஆட்கள் என்பது அந்த பிரியாணிக்குத்தான் வெளிச்சம். இன்றைக்கு மட்டும் சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைவு, பத்தாயிரம் டோக்கன் போட்டால் போதும் என்பார்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து, வேலை நாளில், பைக்கில் தனியாகப் போங்கள். பக்கத்துக் கிராமத்து டீக்கடையில் உட்கார்ந்து, "இந்த நிலம் முன்னாடி யாருதுங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அண்ணன் தம்பி சண்டை, கோயில் நிலம் என்ற பேச்சு, மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் எதுவரை ஏறும் என்கிற கணக்கு, இவையெல்லாம் எந்தச் சான்றிதழிலும் வராது. டீக்கடையில் வரும்.

டோக்கன் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ல் வந்தது. ரெரா என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ போடப்படும் திட்டம் எதையும் அந்தச் சட்டப்படி அமைந்த ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. ரெரா எண்ணை நோட்டீஸில் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடி, அங்கே இருக்கும் வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா, அதன் அளவு என்ன என்று பாருங்கள். தனியாரிடம் நேரடியாக வாங்குவதானாலும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தம் கட்டாயப் பதிவுக்கு உரியது. இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, சொந்தக்காரர் ஒருவர் சாட்சி போட்டதை நம்பி இரண்டு லட்சம் கொடுக்கிற காலம் போய்விட்டது.

இனி பத்திரம். என் தொழில் என்பதால் இங்கே கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

வில்லங்கச் சான்றை, அதாவது ஈ.சி.யை, பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். பல அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் ஏறியிருக்கின்றன. உங்களில் பலர் அதை டவுன்லோடு செய்து, அடமானம் ஒன்றும் பாக்கி இல்லை என்று பார்த்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறீர்கள். ஈ.சி. என்பது பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவாகாத உயில் அதில் வராது. கோர்ட்டில் நடக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. செத்துப்போனவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது வரவே வராது.

சமீபத்தில் என் மேசைக்கு வந்த ஒரு கட்டைச் சொல்கிறேன். வாங்க வந்தவர் அட்வான்ஸ் கொடுக்காமல் வந்த அபூர்வப் பிறவி. இருபத்து நாலு சென்ட் நிலம். 1987-ல் ஒரு பெரியவர் கிரயம் வாங்கியிருக்கிறார். 2009-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வாரிசுச் சான்றில் மனைவி, இரண்டு மகன்கள். பட்டா மூவர் பெயரிலும் மாறியாகிவிட்டது. ஈ.சி.யில் 1998-ல் ஓர் அடமானம், 2003-ல் அதற்கு ரசீது, வேறொன்றும் இல்லை. வக்கீல் ஒப்பீனியனும் சுத்தம் என்றது. அடைந்துபோன அடமானம்தானே என்று எல்லோரும் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். நான் அந்த 1998 பத்திரத்தின் நகலைப் போட்டு எடுத்து வரச் சொன்னேன். பழைய பத்திரங்களில் கடன் எதற்காக என்று எழுதும் வழக்கம் உண்டு. இரண்டாம் பக்கத்தில், "எனது குமாரத்தியின் கலியாணச் செலவுக்கு வேண்டி" என்று இருந்தது. குமாரத்தி எங்கே? வாரிசுச் சான்றில் காணோம்.

திருவண்ணாமலைப் பக்கம் இருந்தார். அண்ணன்மார் அவரை மறைக்கவும் இல்லை, "அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா சொந்தமாக வாங்கிய சொத்தில், உயில் இல்லாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் 1956-லிருந்தே சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் மணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-ல் பங்கு கொடுத்தது. 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் கிடைத்தது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2020-ல் தீர்த்துச் சொல்லிவிட்டது. அந்த அம்மாள் தன் பங்கைக் கேட்டார், வாரிசுச் சான்றைத் திருத்தி வாங்கினார்கள், நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். வாங்குகிறவருக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் செலவில்லை, மூன்று மாதம் தாமதம் மட்டும்தான். அவர் முன்பணமாக எட்டு லட்சத்தை மாட்டிவைத்திருந்தால் அந்த மூன்று மாதத்தை எப்படிக் கழித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே தாய்ப்பத்திரம் முதல் கடைசிப் பத்திரம் வரை சங்கிலி அறுந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் இறந்தவர் யார், அவருக்குப் பிள்ளைகள் எத்தனை, அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்களா என்று விரலை வைத்துப் படிக்க வேண்டும். நடுவில் மைனர் ஒருவர் பங்கை அப்பாவோ அம்மாவோ கோர்ட் அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அந்தப் பையன் பதினெட்டு முடிந்து மூன்று வருஷம் வரை வழக்குப் போடலாம். பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் போனால் பவரும் போயிற்று. அதற்காகத்தான் பதிவின்போது மருத்துவரிடம் வாங்கிய உயிர்வாழ்ச் சான்று கேட்கிறார்கள். முடிந்தால் வீடு தேடிப் போய்ப் பெரியவரை ஒருமுறை பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். "பேங்க் லாக்கர்ல இருக்கு" என்றால், லாக்கரில் இருக்கிறதா, லோன் பிரிவில் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் மூன்றும் வருவாய்த்துறை இணையதளத்தில் கிடைக்கின்றன. பட்டா இருந்தாலே நிலம் அவருடையது என்று ஆகாது, அது வருவாய்த்துறையின் கணக்கு. ஆனால் 'அ' பதிவேட்டைப் பார்க்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அந்த சர்வே எண் புறம்போக்கா, நீர்நிலையா, பட்டியல் சாதியினருக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலமா என்பதற்கு முதல் தடயம் அங்கேதான் கிடைக்கும். பஞ்சமி நிலத்தை எத்தனை பத்திரம் போட்டு வாங்கினாலும் அது உங்களுடையதாகாது. ஆகவும் கூடாது என்பது என் கட்சி.

"ரெஜிஸ்டர் ஆயிடுச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் இருக்கும் அந்த அலுவலகம் ஆவணத்தைப் பதிவு செய்கிறது, உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்குக் கிடையாது என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த வேலை உங்களுடையது. அதற்கு நல்ல சிவில் வக்கீல் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், புரமோட்டர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம். முப்பது லட்சத்துக்கு மனை வாங்குகிறவர் வக்கீல் பீஸில் பேரம் பேசுவதைப் பார்க்கும்போது எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

மனையில் இன்னொரு கண்ணி, அங்கீகாரம். "பஞ்சாயத்து அப்ரூவல் சார்" என்றால் எழுந்து வந்துவிடலாம். மனைப்பிரிவுக்கு அனுமதி தர வேண்டியது சென்னைப் பெருநகர் பகுதியில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் டி.டி.சி.பி. அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டபோது எங்கள் தெருவே ஈயாடியது. மறு வருஷம் வரன்முறைத் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு. அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட அங்கீகாரமில்லாத மனையை "அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று யாராவது விற்றால், பண்ணிவிட்டு வந்து விற்கச் சொல்லுங்கள்.

ஃபிளாட்டில் காகிதம் கொஞ்சம் வேறு. நீங்கள் வாங்குவது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கும் அதன்மேல் ஒரு வீடும். 1,000 சதுர அடி என்று விற்பதில் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாம் சேர்ந்திருக்கும். கதவுக்கு உள்ளே எவ்வளவு என்கிற கார்ப்பெட் ஏரியாவைக் கேளுங்கள், ரெராவில் விலைக்கு அதுதான் அடிப்படை. நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்பது அதைவிட முக்கியம். கட்டடத்துக்கு வயதாகும், நிலத்துக்கு ஆகாது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். அன்றைக்கு உங்களுக்குப் பேரம் பேசும் பலம் தருவது அந்தப் பங்குதான். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குப் பொதுவாக 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு இல்லை. என்னைக் கேட்டால், முதல் முறை வாங்குகிறவர்கள் முடிந்த வீட்டையே வாங்குங்கள். 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொன்றை 2016-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதில் வீடு புக் செய்து காத்திருந்தவர்களின் நிலைமையையும் அப்போது பார்த்தோம்.

காகிதம் சரி என்றே வைத்துக்கொள்வோம். கணக்கு சரியா?

80 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் என்று எடுத்துக்கொள்வோம். பேங்க் லோன் 60 லட்சம், வட்டி 8.5 சதவீதம், இருபது வருஷம். மாதத் தவணை சுமார் 52,000 ரூபாய். அந்த வீட்டுக்குப் புறநகரில் 20,000 வாடகை வருவதாக வையுங்கள். மீதி 32,000 மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். வாடகையும் முழுசாக வராது. மெயின்டனன்ஸ் மாதம் 3,000, வருஷத்தில் ஒரு மாதம் காலி, சொத்து வரி, பெயின்ட், குழாய் என்று கழித்தால் 2,40,000-ல் ஒன்றே முக்கால் லட்சம் நின்றால் பெரிது. போட்ட 80 லட்சத்துக்கு அது 2.2 சதவீதம். முதல் வருஷம் பேங்குக்குப் போகும் வட்டி மட்டும் ஐந்து லட்சம். "வாடகையே தவணையைக் கட்டிடும்" என்று உங்களிடம் சொன்னவர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார், அல்லது போட்டுவிட்டுத்தான் சொல்லியிருப்பார்.

விலை ஏறுமே என்பீர்கள். ஏறும். எவ்வளவு என்பதில்தான் கண் மயங்குகிறது. "எங்க மாமா இருபது வருஷம் முன்னாடி நாலு லட்சத்துக்கு வாங்கின மனை, இன்னைக்குப் பதினாறு லட்சம்" என்பார்கள். நாலு மடங்கு! வருஷத்துக்கு 7.2 சதவீதம்தான் ஆகிறது. தபால் ஆபீஸ் பி.பி.எஃப். 2020-லிருந்து 7.1 கொடுக்கிறது, அதற்குக் கம்பி வேலி போட வேண்டாம். பத்து மடங்கு ஆன மனைகளும் உண்டு, அதுவும் வருஷம் 12 சதவீதம்தான். உள்ளே போகும்போதே மனைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் போய்விடும் (புது ஃபிளாட்டுக்கு மதிப்பைப் பொறுத்துக் கொஞ்சம் குறையும், பத்து லட்சத்துக்குள் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை). விற்கும்போது தரகு, லாபத்தில் 12.5 சதவீத வரி. ஐந்து வருஷத்துக்குள் அந்தப் பணம் தேவைப்படும் என்று தோன்றினால் மனைப் பக்கமே வராதீர்கள். அவசரத்துக்கு விற்கிறவன் முகத்தைப் புரோக்கர் தூரத்திலிருந்தே படித்துவிடுவார்.

பத்திரச் செலவைக் குறைக்க, விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுக்கச் சொல்வார்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் உண்டு. அபராதம் விற்கிறவருக்குத்தானே என்று சிரிக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது, பத்திரத்தில் இல்லாத பணம் வரிக்கணக்கில் உங்கள் லாபமாக நிற்கும். ஒப்பந்தம் முறிந்தால் கொடுத்ததற்குச் சாட்சியும் இருக்காது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் ஒரு சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு வாங்குகிற உங்களுடையது. விற்கிறவர் வெளிநாட்டில் இருப்பவர் என்றால் கணக்கே வேறு, ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

"வரப்போகுது" என்ற ஒரு சொல்லுக்கு எங்கள் தொழிலில் தனி விலை. பரந்தூரில் விமான நிலையம் என்று 2022-ல் அறிவிப்பு வந்ததும் சுற்றுவட்டாரம் முழுக்க அந்தப் பெயரில் நோட்டீஸ் பறந்தது. நிலம் எடுக்கப்படும் கிராமங்களில் ஏகனாபுரத்து மக்கள் போராடிக்கொண்டிருந்த அதே நாட்களில், சில மைல் தள்ளி "ஏர்போர்ட் சிட்டி" மனைகள் விற்றன. வரவிருக்கும் திட்டத்தின் விலையை விற்கிறவர் இன்றைக்கே உங்களிடம் வாங்கிவிடுகிறார், வரும் வரை காத்திருப்பது நீங்கள். நீங்கள் வாங்கப்போகும் நிலமே கையகப்படுத்தும் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இடத்தை மழையில் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையிலும் படகு போன தெருக்களில் கோடைக்காலத்தில் சைட் விசிட் நடந்திருக்கும், மண் பொடியாகப் பறந்திருக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-லிருந்து ராம்சார் பட்டியலில் இருக்கிறது. அதை ஒட்டி வாங்குகிறவர்கள், கட்ட அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்காமல் நகரக் கூடாது. ஊர்ப் பெயரிலோ சர்வே வரைபடத்திலோ ஏரி, தாங்கல், கேணி, ஓடை என்று வந்தால் ஒருமுறைக்கு இருமுறை விசாரியுங்கள்.

எல்லாம் பார்த்து, பிடித்து, கிரயமும் முடிந்துவிட்டால், என் கடையில் டீ குடித்த கையோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பத்து நாள் கழித்து ஈ.சி. போட்டு உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா, சர்வே எண்ணில் பிழை இல்லையா என்று பாருங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு விற்றவரையே மறுபடி தேடிப் போக வேண்டும், பணம் வாங்கியவர் போன் எடுப்பது அரிது. பட்டா மாற்றத்தில் உட்பிரிவு தேவையென்றால் சர்வேயர் அளக்க வரும் நாளில் லீவு போட்டு நேரில் நில்லுங்கள். நாலு மூலையிலும் கல் நடும்போது பக்கத்து மனைக்காரரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். வேலி போட்டு, பெயர்ப் பலகை வைத்து, காலிமனை வரி ரசீதை உங்கள் பெயரில் வாங்கி அசல் பத்திரத்தோடு வையுங்கள். அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை ஈ.சி.யைத் திறந்து பாருங்கள், காசு ஒன்றும் இல்லை.

அன்புடன்,
உங்கள் பத்திர எழுத்தர்